பட்டறைக்கு யாரை அனுப்புகிறோம்?

பள்ளிப் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதும் குழு ஒன்றில் இருக்கும் ஆசிரியர் ஒருவர் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். தொழிற்கல்வியை எல்லா மாணவர்களுக்கும் பொதுவான பாடமாக வைப்பதா, தனிப் பிரிவாக வைப்பதா? எந்த வயதில் தொடங்குவது? கணக்குக்கும் மொழிக்கும் உரிய பாடவேளைகளை அது விழுங்கிவிடாதா? மதிப்பெண் போடுவது எப்படி? இவற்றுக்கு நடுவே போகிறபோக்கில் ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார்: "படிப்பு ஏறாத பிள்ளைகளுக்காவது இது உதவும் அல்லவா?" அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் தொழிற்கல்வித் திட்டங்களைக் கவிழ்த்ததில் அந்த எண்ணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

படிப்பு ஏறாதவர்களுக்கு என்று ஒரு பாடத்தை வைத்த நிமிடத்திலேயே அது தண்டனையாகிவிடுகிறது. மாணவனுக்கு அது தெரிந்துவிடும். பெற்றோருக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும். நல்ல ஆசிரியர்கள் அங்கே போகத் தயங்குவார்கள். கருவி வாங்கப் பணம் கேட்டால் பிறகு பார்க்கலாம் என்பார்கள். வேலை கொடுப்பவரும் அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கியதும், இவன் எதில் தோற்று இங்கே வந்தான் என்றுதான் யோசிப்பார். பாடத்தின் உள்ளடக்கத்தை எவ்வளவு மெருகேற்றினாலும் இது மாறுவதில்லை. அதற்குள் யாரை அனுப்புகிறோம், அதிலிருந்து எங்கெல்லாம் போக வழி இருக்கிறது என்ற இரண்டும்தான் தொழிற்கல்வியின் தலையெழுத்தை எழுதுகின்றன. என்ன கற்பிக்கிறோம் என்பது அதற்குப் பிறகுதான்.

பள்ளியில் தொழிற்கல்வி என்று பேசும்போது இரண்டு வெவ்வேறு வேலைகளைச் சேர்த்துப் பேசுகிறோம். பிற்காலத்தில் எந்த வேலைக்குப் போகப்போகிறவரானாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கைவேலை வழியாகக் கிடைக்க வேண்டிய கல்வி ஒன்று. குறிப்பிட்ட ஒரு தொழிலுக்கு ஆயத்தப்படுத்தும் பயிற்சி மற்றொன்று. முதலாவது மொழியையும் கணக்கையும் ஓவியத்தையும் போலப் பொதுக்கல்வியின் ஒரு பகுதி. இரண்டாவது, பொதுக்கல்வி ஓரளவு வேரூன்றிய பிறகு தொடங்க வேண்டியது. இரண்டையும் ஒரே பாடவேளைக்குள் திணித்தால், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தச்சு வேலை அரைகுறையாகத் தெரியும். பதினேழு வயதில் வேலை தேடிப் போகிறவருக்கு அட்டைப்பெட்டி செய்ய மட்டும் தெரியும்.

முதல் வகைக்கு நல்ல வரலாறு இருக்கிறது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866-ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டத்திலேயே கைவேலை பாடமாக நுழைந்தது. தச்சர்களை உருவாக்குவது அவருடைய நோக்கமல்ல. கண்ணும் கையும் சேர்ந்து இயங்கப் பழகுவது, அளவும் வடிவமும் பிடிபடுவது, தொடங்கியதை முடிக்கும் பழக்கம் வருவது இவையே அவர் எதிர்பார்த்தவை. அந்தக் கருத்தை சுவீடனின் நேஸ் என்ற ஊரில் ஓட்டோ சாலமன் ஆசிரியர் பயிற்சி முறையாக வளர்த்தார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே வந்து பயின்று சென்றார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், 1868-இல், மாஸ்கோவின் இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா-வோஸ் வேறொரு வழியைக் கண்டார். ஒரு தொழிலை அறுத்தல், இழைத்தல், துளையிடுதல், இணைத்தல் என அடிப்படைச் செயல்களாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசைப்படுத்தி, வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் கற்பிக்கும் முறை அது. 1876-இல் பிலடெல்பியா பொருட்காட்சியில் அதைப் பார்த்து அசந்துபோன மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத் தலைவர் ஜான் ரங்கிள், அதைத் தம் நிறுவனத்துக்கே கொண்டுசென்றார்.

நேஸ் முறையில் பயின்ற பிள்ளை பாடத்தின் முடிவில் பயன்படுத்தத்தக்க ஒரு முழுப் பொருளை வீட்டுக்கு எடுத்துச்செல்லும். மாஸ்கோ முறையில் பயின்றவரிடம் துல்லியமான மர இணைப்புத் துண்டுகள் சில மிஞ்சும். அவற்றால் எந்தப் பயனும் இல்லை, ஆனால் அவற்றைச் செய்த கை தேர்ந்திருக்கும். எது சிறந்தது என்று அந்தக் காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. வயதைச் சொல்லாமல் போட்ட சண்டை என்பது என் எண்ணம். பத்து வயதுக் குழந்தைக்கு முழுப் பொருள்தான் வேண்டும். தான் செய்த பெட்டியின் மூடி மூடவில்லை என்றால் அளவெடுத்ததில் எங்கே பிசகியது என்று அதுவே தேடிப் பார்க்கும். ஆசிரியர் சிவப்பு மையில் எழுத வேண்டியதில்லை. பதினாறு வயதுக்கு மேல் ஒரு தொழிலை நாடி வருகிறவருக்கு அந்தச் சலிப்பூட்டும் பயிற்சி வரிசை தேவை, ஏனென்றால் அவர் விற்கப்போவது பெட்டியை அல்ல, கையின் நம்பகத்தை.

பின்லாந்தில் கைவினை இன்றும் அடிப்படைப் பள்ளியின் கட்டாயப் பாடம். துணியும் மரமும் உலோகமும் ஆண், பெண் வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் உண்டு. உலகின் வேறு பல பாடத்திட்டங்களில் இந்தப் பாடம் முதலில் வாரம் ஒரு பாடவேளையாகச் சுருங்கி, பிறகு தேர்வுக் காலத்தில் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கும் பாடவேளையாகி, கடைசியில் கால அட்டவணையில் பெயர் மட்டும் மிஞ்சும். இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மின்சுற்றும் கணினி நிரலும் 'தொழில்நுட்பம்' என்று மதிப்புப் பெறுகின்றன. தையலும் நோயாளிப் பராமரிப்பும் 'கைத்தொழில்' என்று கீழே நிற்கின்றன. ஒரு சட்டையின் கைப்பகுதியை வெட்டுவதற்குத் தேவைப்படும் வடிவியல் அறிவு லேசானதல்ல. எந்த வேலையைப் பெரும்பாலும் யார் செய்கிறார்கள் என்பதை வைத்து எழுந்த படிநிலை இது. பாடத்திட்டக் குழு இதை அப்படியே பிரதியெடுக்கக் கூடாது.

இரண்டாவது வகைக்கு வருவோம். சிக்கல் எல்லாம் இங்கேதான்.

1915-இல் அமெரிக்காவில் நியூ ரிபப்ளிக் இதழில் இரண்டு பேர் இதைப் பற்றி மோதிக்கொண்டார்கள். ஒருவர் மாசச்சூசெட்ஸ் மாநிலக் கல்வி ஆணையர் டேவிட் ஸ்னெடன். எந்தப் பிள்ளை என்ன வேலைக்குப் போக வாய்ப்பிருக்கிறது என்று கணித்து, அதற்கு ஏற்ற பயிற்சியைத் திறம்படக் கொடுப்பது பள்ளியின் கடமை என்பது அவர் கட்சி. மற்றவர் மெய்யியலாளரும் கல்விச் சிந்தனையாளருமான ஜான் டூயி. கைவேலைக்கு அவர் எதிரியல்ல. சிக்காகோவில் 1896-இல் அவர் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் நெய்தார்கள், சமைத்தார்கள், தச்சு வேலை செய்தார்கள். இருக்கிற தொழில் அமைப்புக்குள் தொழிலாளியைப் பொருத்தி வைக்கும் பயிற்சியைத்தான் எதிர்த்தார். வேலையின் பின்னால் உள்ள அறிவியலையும் வரலாற்றையும் சேர்த்துக் கற்றவர்தான் அந்த அமைப்பை மாற்றும் ஆற்றல் பெறுவார், தனி வாரியமும் தனிப் பள்ளியும் வைத்தால் அது நடக்காது என்பது அவர் வாதம்.

ஆட்சி முடிவில் வென்றது ஸ்னெடன் பக்கம்தான். 1917-இன் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வேளாண்மை, தொழில்கள், மனையியல் ஆகியவற்றுக்கு மத்திய அரசின் நிதியை ஒதுக்கியது. நிதி வழி தனி, வாரியம் தனி, ஆசிரியர் பயிற்சி தனி. மனையியல் யாருக்காக என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. பணம் வந்ததால் பட்டறைகள் பெருகின. அதே கட்டடத்துக்குள் இரண்டு பள்ளிகளும் உருவாயின.

இந்தியாவில் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாடு, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து அதன் வழியாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் திட்டத்தை முன்வைத்தது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. தக்ளி என்ற சிறு நூற்புக் கதிரில் நூல் நூற்கும்போதே நீளமும் எடையும் கணக்காகும், பருத்தி விளையும் மண் புவியியலாகும், துணி வணிகம் வரலாறாகும் என்பது அதன் அழகு. அந்த அழகை மூழ்கடித்தது, மாணவர் செய்யும் பொருளை விற்று ஆசிரியரின் சம்பளத்துக்கு வழிசெய்யலாம் என்ற பகுதி. விற்க வேண்டும் என்று வந்துவிட்டால், மெதுவாகக் கற்கும் பிள்ளை பாரமாகிவிடும். பிழை செய்து கற்றுக்கொள்ளும் உரிமை போய்விடும். நன்றாக நூற்கத் தெரிந்த பிள்ளையை அதற்கு மேல் வேறு எதையும் கற்கவிடாமல் நூற்க வைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். கற்றலையும் வருமானத்தையும் ஒரே மணி நேரத்துக்குள் அடைத்தால் வருமானம்தான் வெல்லும்.

1953-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இதைவிடக் கடுமையான பாடம். பள்ளியில் மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். ஆசிரியர், கட்டடப் பற்றாக்குறைக்கு இரு வேளைப் பள்ளி தீர்வாகும் என்றும் சொன்னார்கள். தாளில் படித்தால் செயல்வழிக் கல்வி போலவே தோன்றும். ஆனால் தந்தையின் தொழிலைச் சாதி தீர்மானிக்கும் சமூகத்தில் அந்த மீதி நேரம் எங்கே கொண்டுபோய் விடும்? குலக்கல்வி என்ற பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. செக்கு, தறி, உலை எதையும் யாரும் இழிவாகச் சொல்லவில்லை. பிள்ளை எந்த வேலைக்குப் போகும் என்பதை அதன் பிறப்பை வைத்துப் பள்ளியே முடிவுசெய்வதைத்தான் எதிர்த்தார்கள். திட்டத்தை எழுதியவர்களின் நோக்கம் எப்படியிருந்தாலும் இந்த எதிர்ப்பு நியாயமானது.

பெற்றோருக்குக் கைவேலையின் மதிப்பு தெரியவில்லை, எழுத்தர் வேலை மோகம்தான் காரணம் என்ற குறை அடிக்கடி கேட்கிறது. இதற்கு நல்ல பதில் 1965-லேயே வந்துவிட்டது. கானாவின் பள்ளிகளை ஆராய்ந்த சமூகவியலாளர் பிலிப் ஃபாஸ்டர், தொழிற்பள்ளிகளை நம்பிப் போடப்படும் வளர்ச்சித் திட்டங்களைக் கேள்விக்குள்ளாக்கிக் கட்டுரை எழுதினார். காலனி ஆட்சிக் காலம் முழுவதும் அதிகாரிகள் வேளாண் பள்ளி, தொழில் பள்ளி என்று திறந்துகொண்டே இருந்தார்கள். மக்கள் பொதுக்கல்விப் பள்ளிகளையே நாடினார்கள். அது மோகமல்ல, கணக்கு என்றார் ஃபாஸ்டர். அந்தப் பொருளாதாரத்தில் நிலையான, கூடுதலான சம்பளம் அலுவலக வேலையில்தான் இருந்தது. அந்த வேலைக்கு வழி ஏட்டுப் படிப்பு. ஆக, அங்கே உண்மையான தொழிற்கல்வியாக இருந்தது ஏட்டுக் கல்விதான்! சம்பள அமைப்பைத் தொடாமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றி மக்களின் விருப்பத்தை மாற்ற முடியாது என்ற அவருடைய முடிவு இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. பொருத்துநருக்கு அலுவலக உதவியாளரைவிடக் குறைவான சம்பளமும் நிச்சயமில்லாத வேலையும் கிடைக்கிற இடத்தில், உழைப்பின் மேன்மை பற்றிய சொற்பொழிவுகளால் ஒரு மாணவரைக்கூட இழுக்க முடியாது.

எந்த வயதில் என்ற கேள்விக்கு நாடுகளின் அனுபவம் ஓரளவு தெளிவாகவே பேசுகிறது. இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளை மூன்று வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கும் ஏற்பாடு வேரூன்றியது. நடுவில் இருக்க வேண்டிய தொழில்நுட்பப் பள்ளிகள் மிகச் சிலவே கட்டப்பட்டன; அவற்றுக்குச் செலவு அதிகம். எனவே வென்றவர்களுக்கு ஒன்று, தோற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டே மிஞ்சின. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதையொட்டிப் பிரிப்பு இன்றும் நடக்கிறது. இளமையிலேயே பிரிக்கும் நாடுகளில் கல்வி ஏற்றத்தாழ்வு கூடுகிறது என்று பொருளியலாளர்கள் எரிக் ஹனுஷெக்கும் லுட்கர் வோஸ்மனும் 2006-இல் பல நாட்டுத் தேர்வுத் தரவுகளை ஒப்பிட்டுக் காட்டினார்கள். இத்தனைக்கும் ஜெர்மனியின் தொழிற்பயிற்சி உலகத்தில் மிகவும் போற்றப்படுவது: தொழில் பழகுநர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும் மீதி நாள் தொழிற்பள்ளியிலும் கற்கிறார், முந்நூறுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு நாடு முழுவதும் ஒரே பயிற்சி விதிகள், முதலாளி, தொழிற்சங்கம், அரசு மூன்றும் உட்கார்ந்து அவற்றை எழுதுகின்றன. இந்த ஏற்பாட்டைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதன் பட்டறையைத்தான் இறக்குமதி செய்கிறார்கள். முதலாளிகளையும் தொழிற்சங்கங்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் மரபு கப்பலில் ஏறுவதில்லை.

தொழிற்பயிற்சியின் பலனுக்கும் இரு முகம் உண்டு. அதே ஹனுஷெக்கும் மற்றவர்களும் 2017-இல் பதினொரு நாடுகளின் தரவுகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளம் வயதில் வேலை எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் வயது ஏற ஏற அந்தச் சாதகம் தேய்ந்து எதிராகவே திரும்பவும் கூடும் என்று கண்டார்கள். தொழில்நுட்பம் மாறும்போது, குறுகலாகப் பயின்றவர் புதியதைக் கற்க அடித்தளம் இல்லாமல் நிற்கிறார். பதினெட்டு வயதுக்கு நல்லதாகத் தெரியும் பாடத்திட்டத்தை ஐம்பது வயதுக்கும் நீட்டிப் பார்க்க வேண்டும். இதனால்தான் தொழிற்பிரிவு மாணவருக்குப் பொதுக்கல்வியைக் குறைத்துக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. எஞ்சினின் சத்தத்தை வைத்துப் பழுது கண்டுபிடித்த மெக்கானிக், பிறகு கணினித் திரையில் வரும் பிழைக் குறியீட்டையும் மின்சுற்று வரைபடத்தையும் படிக்க வேண்டியதாயிற்று. படிக்கத் தெரிந்தவர் தப்பினார்.

அப்படியானால் தொழிற்பிரிவில் பொதுப் பாடங்களைக் கூட்டிவிட்டால் போதுமா? சுவீடன் அதைச் செய்து பார்த்தது. 1991 சீர்திருத்தத்தில் இரண்டு ஆண்டுத் தொழிற்பிரிவுகளை மூன்றாக நீட்டி, பொதுப் பாடங்களைச் சேர்த்து, பல்கலைக்கழகத்துக்கும் தகுதி கொடுத்தார்கள். கரோலின் ஹால் செய்த ஆய்வின்படி உயர்கல்விக்குப் போனவர்கள் கூடவில்லை. முன்பே குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தவர்களிடையே இடைநிற்றல் கூடியது. 2011-இல் அந்தத் தகுதியை மறுபடி பிரித்தார்கள், 2023-இல் மீண்டும் சேர்த்தார்கள். கதவு திறந்திருப்பது அவசியம், ஆனால் எந்தக் கற்பித்தல் முறையிலிருந்து மாணவர் ஓடிவந்தாரோ அதையே இன்னும் ஓர் ஆண்டு கூட்டிக் கொடுத்தால் அவர் அந்தக் கதவை அடைவதற்கு முன்பே வெளியேறிவிடுவார். சுவிட்சர்லாந்து சற்று வேறு வழியில் போனது. அங்கே கட்டாயக் கல்வி முடித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். வங்கி வேலையும் அதில் அடக்கம். 1994-இல் அதோடு 'தொழில்சார் மேனிலைச் சான்றிதழ்' ஒன்றை இணைத்து, பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களுக்கு நேர்வழி கொடுத்தார்கள். எல்லோரும் அந்த வழியில் போவதில்லை. போக முடியும் என்பதாலேயே, நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோரும் அந்தப் பிரிவை ஒதுக்கிவிடுவதில்லை.

இனி நேரத்தை விழுங்கும் கேள்வி. கணக்கா, பட்டறையா என்று இரண்டையும் தராசில் வைப்பதே பிழை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்டோனும் மற்றவர்களும் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தொழிற்பாட ஆசிரியர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் ஒவ்வொரு தொழிற்பாட ஆசிரியருக்கும் ஒரு கணக்கு ஆசிரியர் துணை. இருவரும் சேர்ந்து அந்தத் தொழிலுக்குள் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் கணக்கைத் தேடி எடுத்தார்கள்: மின்சாரத்தில் விகிதமும் சமன்பாடும், வேளாண்மையில் பரப்பும் கலவையும், வணிகத்தில் சதவீதம். முதலில் தொழிலின் மொழியில், பிறகு கணக்கின் பொது மொழியில், மறுபடி தொழிலில் என்று பாடம் நகரும். இதற்கு அவர்கள் செலவிட்டது வகுப்பு நேரத்தில் பத்து சதவீதம் அளவுதான். ஆண்டின் முடிவில் மூன்று கணிதத் தேர்வுகளில் இரண்டில் அந்த மாணவர்கள் மற்றவர்களை முந்தினார்கள். தொழிலறிவில் எதையும் இழக்கவில்லை.

இதில் சூட்சுமம், கணக்கைப் புதிதாகக் கொண்டுவந்து ஒட்டாமல் உள்ளே இருந்ததை வெளியே எடுத்ததுதான். பாடநூல்களில் 'தச்சர் ஒருவர் 15 பலகைகளை' என்று தொடங்கும் கணக்குகள் வெறும் வேடம். தச்சரை எடுத்துவிட்டு வேறு யாரை வைத்தாலும் அதே கணக்குதான். உண்மையான பட்டறைக் கணக்கில் ரம்பத்தின் பல் தின்னும் மரத்தூளுக்கும் இடம் விட வேண்டும். இப்படிப்பட்ட பாடம் அமைய, இரண்டு ஆசிரியர்களுக்கும் சேர்ந்து உட்காரக் கால அட்டவணையில் பொதுவான நேரம் வேண்டும். குழு வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒரு பாடவேளையைப் பெற்றுத் தந்தால் பெரிய காரியம்.

ஆனால் தொழிற்கல்வியின் பலன் எல்லாமே தேர்வில் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே ஒரு தொழில் துறையை மையமாக வைத்துச் சிறு குழுவாக இயங்கும் 'கேரியர் அகாடமி'கள் அமெரிக்காவில் 1969-இல் பிலடெல்பியாவில் தொடங்கின. குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், தேர்வு மதிப்பெண்ணில் வேறுபாடு எதுவும் இல்லை. பள்ளி முடித்த எட்டு ஆண்டுகளில் பார்த்தால், இடம் கிடைத்தவர்களின் வருமானம் சராசரியாக 11 சதவீதம் கூடுதல். அதிலும் ஆண்களிடம்தான் பெரும்பகுதி. பொதுப் பாடத்தைக் குறைக்காமல், நிறுவனங்களோடு பழக வைத்து, பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சிறிய குழுவில் வைத்திருந்ததே காரணம் என்று நினைக்கிறேன். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் அந்தத் திட்டத்தை மூன்றாம் ஆண்டிலேயே மூடியிருப்பார்கள்.

மதிப்பெண் பட்டியல் இன்னொரு விதத்திலும் கெடுக்கும். இங்கிலாந்தில் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியலில் சில தொழிற்சான்றிதழ்களுக்குப் பல பொதுப் பாடங்களுக்கு ஈடான மதிப்பைக் கொடுத்துவைத்திருந்தார்கள். பள்ளிகள் என்ன செய்யும்? பட்டியலில் ஏறுவதற்காகவே மாணவர்களை அந்தச் சான்றிதழ்களில் தள்ளின. 2011-இல் அரசு கேட்டுக்கொண்டபடி ஆய்வு செய்த அலிசன் வுல்ஃப், பதினாறு முதல் பத்தொன்பது வயது வரையிலானவர்களில் குறைந்தது 3,50,000 பேருக்குப் பதினாறுக்குப் பிந்தைய கல்வி ஏற்பாட்டால் பலன் எதுவுமே இல்லை அல்லது மிகக் குறைவு என்று அறிக்கை கொடுத்தார். வேலை கொடுப்பவர் மதிக்காத, மேல்படிப்பும் ஏற்காத சான்றிதழ்கள் அவை. பதினாறு வயது வரை மாணவர் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொழிற்பாடத்துக்குப் போகக் கூடாது என்பதும், ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேறாதவர்கள் அவற்றைத் தொடர வேண்டும் என்பதும் அவருடைய பரிந்துரைகளில் சில. அந்த ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்; நான் பார்த்தவற்றில் இதைவிட நல்ல அளவு இல்லை.

ஆகவே முதல் இரண்டு கேள்விகளுக்கு என் பதில்: பதினான்கு வயது வரை எல்லோருக்கும் கைவேலை, விலக்கு யாருக்கும் இல்லை, கணக்கில் முதலிடம் வாங்கும் பிள்ளைக்கும் இல்லை. பதினான்கிலிருந்து பதினாறு வரை, விரும்புகிறவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம், ஒரே தொழிலாக இல்லாமல் ஒரு துறையாக. மின் வயரிங் என்று குறுக்காமல் மின்சாரம் என்று. பதினாறுக்கு மேல் உண்மையான தொழிற்பயிற்சி, அதுவும் உண்மையான வேலையிடத்தோடு சேர்ந்து. பிரிவுக்குள் சேர்க்கும் விதியில் மதிப்பெண் வரம்பே வேண்டாம், மேலிருந்தும் வேண்டாம், கீழிருந்தும் வேண்டாம். மேல்படிப்புக்கான வழியை, பிரிவைத் தொடங்கும் முன்பே உயர்கல்வி நிறுவனங்களிடமிருந்து எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் முதல் மூன்று ஆண்டு மாணவர்கள் சோதனை எலிகளாகிவிடுவார்கள்.

வேலையிடம் பற்றி ஓர் எச்சரிக்கை. சோவியத் ஒன்றியத்தில் 1958-இல் குருஷ்சேவ் பள்ளியை ஓர் ஆண்டு நீட்டி, கடைசி மூன்று வகுப்பு மாணவர்கள் மூன்றில் ஒரு பங்கு நேரத்தைத் தொழிற்சாலையிலோ பண்ணையிலோ கழிக்க வேண்டும் என்றார். ஒரு நாடு முழுவதும் ஆணையிட்டுச் செய்ய முடிந்த ஏற்பாடுதான். ஆனாலும் 1964-இல் பின்வாங்கினார்கள். பக்கத்தில் எந்த ஆலை இருந்ததோ அந்தத் தொழில்தான் மாணவருக்குக் கிடைத்தது. உற்பத்தி இலக்கைத் துரத்தும் மேலாளருக்கு, இயந்திரத்தருகே நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளை இடைஞ்சல். நிறுவனத்தில் கற்பிப்பதற்கென்றே ஒருவர் இல்லையென்றால் மாணவர் அங்கே தேநீர் வாங்கிவரவும் தரை பெருக்கவும்தான் கற்பார். எத்தனை நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டன என்று எண்ணுவதைவிட, எத்தனை இடங்களில் பயிற்றுநர் இருக்கிறார் என்று எண்ணுவது மேல்.

ஆசிரியர் விஷயத்தில் சுருக்கமாக: தொழிலில் கை தேர்ந்தவருக்குக் கற்பித்தல் பட்டம் இருக்காது, பட்டம் உள்ளவருக்குக் கை வராது. முன்னவரை எடுத்துக் கற்பிக்கச் சொல்லிக்கொடுப்பது எளிது. அதற்கு விதிகள் தடையாக இருந்தால் திருத்த வேண்டியது விதிகளைத்தான். கருவி வாங்கும்போது ஆண்டுதோறும் செலவாகும் பொருள்களுக்கு நிதி ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். திறப்பு விழாவில் புகைப்படம் எடுக்கப்பட்ட லேத்துகள், தீட்டாத உளிகள், கம்பி தீர்ந்துபோன வெல்டிங் அறை எல்லாம் அந்த ஒரு வரி வரவுசெலவில் விடுபட்டதால் வந்தவை. நாற்பது பேரை ஒரே ஆசிரியரிடம் பட்டறைக்குள் விடுவது கற்பித்தலும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. வகுப்பைப் பாதியாகப் பிரித்து, மறுபாதிக்கு அதே நேரத்தில் வரைபடமோ மொழிப் பாடமோ வைக்கலாம்.

கடைசியாக மதிப்பெண். எழுத்துத் தேர்வாக மாற்றிவிட்டால் 'இழைப்புளியின் பாகங்களை எழுதுக' என்பதில் முடியும். செய்முறைத் தேர்வை ஒரே நாளில் வைத்தால், அந்த நாளுக்காக மனப்பாடம் செய்த ஒரே ஒரு பொருளைத்தான் எல்லோரும் செய்வார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே மதிப்பெண்ணே வேண்டாம். பொருளும், அதைச் செய்தபோது எழுதிய பணி ஏடும் போதும். ஏட்டில் முதல் அளவு என்ன, எங்கே பிசகியது, எப்படிச் சரிசெய்தார் என்பது இருக்க வேண்டும். பிழையே இல்லாத ஏட்டை ஆசிரியர் சந்தேகத்தோடு பார்க்கலாம். பதினாறுக்கு மேல், அந்தத் தொழிலில் இருக்கும் வெளியாள் ஒருவர் மதிப்பிடட்டும். மாணவரிடம் முன்பு பார்த்திராத ஒரு பழுதையோ வேலையையோ கொடுத்து, முதலில் என்ன செய்யப் போகிறீர்கள், ஏன் என்று கேட்கட்டும். இதற்கு ஒரு மாணவருக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். மொத்தத் தேர்வுக் கால அட்டவணையை வரையும்போதே அந்த நாள்களை ஒதுக்கிக் கேளுங்கள். பிறகு கேட்டால் இடமில்லை என்பார்கள்.